ஐந்து நாளும் ஐந்து கோர்ட்டும்: லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்ட்டி நீதிமன்றம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

வாடகை வீட்டைக் காலிசெய்யச் சொல்லி வீட்டுக்காரர் வழக்குப் போட்டுவிட்டார், சம்மனும் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 2013இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு வாடகைதாரருக்கு அந்த வழக்கில் பதில் மனு போடக் கிடைத்த அவகாசம் ஐந்து நாள். சனியும் ஞாயிறும் அந்தக் கணக்கில் சேரும். பதில் போடாமல் ஐந்து நாள் கடந்துவிட்டால் வீட்டுக்காரரின் வக்கீல் ஒரு விண்ணப்பம் கொடுத்து ஒருதரப்புத் தீர்ப்பு வாங்கிவிடலாம். வாடகைதாரர் பக்கம் என்ன நியாயம் இருந்தது என்பதை யாரும் கேட்க வேண்டியதில்லை. அடுத்து ஷெரிஃப் அலுவலகத்தின் நோட்டீஸ் கதவில் ஒட்டப்படும், பிறகு பூட்டு மாறும்.

அதே 2013இல்தான் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்ட்டியில் (அமெரிக்காவில் கவுண்ட்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டம் போன்ற நிர்வாக அலகு) காலிசெய்யும் வழக்குகளை எடுத்துக்கொண்டிருந்த 26 நீதிமன்றங்கள் ஐந்தாகக் குறைக்கப்பட்டன. நகர மையத்தில் ஸ்டான்லி மோஸ்க் கட்டடம், மேற்கே சான்டா மோனிகா, தெற்கே லாங் பீச், வடகிழக்கே பாசடேனா, மலைக்கு அப்பால் லேன்காஸ்டர். அவ்வளவுதான். 17 லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழும் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அந்த முடிவை எடுத்தவர்கள் கொடியவர்கள் இல்லை. அவர்களிடம் பணம் இல்லை. ஆனாலும் ஒரு பெரிய நீதிமன்ற அமைப்பு எப்படி இயங்குகிறது, யாருக்கு அது எட்டுகிறது என்ற இரண்டு கேள்விகளும் உண்மையில் ஒரே கேள்விதான் என்பதை அந்த ஆண்டு காட்டியது போல வேறெதுவும் காட்டவில்லை. அதனால்தான் இந்த ஆய்வுக்கு அந்த ஆண்டை மையமாக வைத்துக்கொண்டேன். அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றை அதிலிருந்து பார்க்கலாம்.

எவ்வளவு பெரியது

லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்ட்டியில் 2020 கணக்கெடுப்பின்படி ஒரு கோடிக்குச் சற்று மேல் மக்கள். பரப்பு சுமார் 4,000 சதுர மைல். அதற்குள் 88 நகரங்கள், ஒரு பாலைவன விளிம்பு, ஒரு மலைத்தொடர், கடலுக்குள் இரண்டு தீவுகள். இத்தனைக்கும் ஒரே முதல்நிலை நீதிமன்றம்: லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்ட்டி சுப்பீரியர் கோர்ட். 36 கட்டடங்கள், நீதிபதிகளும் ஆணையர்களுமாக அறுநூறுக்கு அருகில், ஊழியர்கள் ஏறத்தாழ 4,800 பேர். அமெரிக்காவின் மிகப் பெரிய ஒருங்கிணைந்த விசாரணை நீதிமன்றம் இதுதான். கொலை வழக்கும் இங்கேதான், சிக்னலைத் தாண்டியதற்கான அபராதமும் இங்கேதான். விவாகரத்து, உயில், குழந்தைப் பாதுகாப்பு, சின்னக் கடன் பாக்கி எல்லாம் இந்த ஒரே கூரைக்குக் கீழே வருகின்றன.

எப்போதும் இப்படி ஒன்றாக இருந்ததில்லை. முன்பு சுப்பீரியர் கோர்ட் தனி, சின்ன வழக்குகளை எடுத்த இருபதுக்கும் மேற்பட்ட முனிசிபல் கோர்ட்டுகள் தனி. 1998 ஜூனில் கலிஃபோர்னிய வாக்காளர்கள் 220ஆம் முன்மொழிவை ஏற்றுக்கொண்டார்கள். ஒரு கவுண்ட்டியின் நீதிபதிகள் விரும்பினால் இரண்டு வகை நீதிமன்றங்களையும் இணைத்துக்கொள்ளலாம் என்றது அது. லாஸ் ஏஞ்சல்ஸ் 2000 ஜனவரியில் இணைந்தது.

இணைப்பைவிடப் பெரிய மாற்றம் அதற்கு முன்பே சத்தமில்லாமல் நடந்திருந்தது. 1997இன் சட்டம் ஒன்று, விசாரணை நீதிமன்றங்களுக்குப் பணம் கொடுக்கும் பொறுப்பைக் கவுண்ட்டிகளிடமிருந்து மாநில அரசுக்கு மாற்றியது. நோக்கம் நல்லது. பணக்காரக் கவுண்ட்டியில் நல்ல கோர்ட், ஏழைக் கவுண்ட்டியில் இற்றுப்போன கோர்ட் என்ற நிலை போக வேண்டும் என்பதற்காகத்தான் அது வந்தது. ஆனால் அதோடு ஒரு ஆபத்தும் வந்தது. மாநில வரவு செலவு இடிந்தால் எல்லா நீதிமன்றங்களும் ஒரே நாளில் இடியும். 2008இல் அதுதான் நடந்தது.

வெட்டு எங்கே விழுந்தது

வீட்டு விலை சரிந்து, மாநிலத்தின் வருமானம் வற்றி, நீதித்துறைக்கான ஒதுக்கீடு ஆண்டுக்காண்டு குறைந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் கோர்ட் முதலில் 2009 ஜூலையிலிருந்து மாதம் ஒரு புதன்கிழமை கதவை அடைத்தது. 2010 மார்ச்சில் 329 ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. 2012இல் 56 நீதிமன்ற அறைகளை மூடியது. அதுவும் போதவில்லை. 2013 ஜூனில் 511 பணியிடங்கள் ஒழிந்தன. 177 பேர் வேலையிழந்தார்கள், 139 பேர் கீழ்ப் பதவிக்கு இறக்கப்பட்டார்கள், 223 பேர் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டார்கள். விட்டியர், ஹண்டிங்டன் பார்க், சான் பெட்ரோ, பெவர்லி ஹில்ஸ், மாலிபு என்று வட்டாரக் கோர்ட்டுகள் மூடும் பட்டியலில் ஏறின.

வெட்டு ஏன் குறிப்பாக ஏழைகள் அதிகம் வரும் வழக்குகளின் மேல் விழுந்தது என்பதை நின்று பார்க்க வேண்டும். நீதிபதிகளை வேலைநீக்கம் செய்ய முடியாது, அவர்கள் பதவி அரசியலமைப்புப்படி வந்தது. ஆகவே குறைக்கக்கூடியது ஊழியர்களைத்தான். ஆனால் குமாஸ்தா, சுருக்கெழுத்தர், காவலர் இல்லாத அறையில் நீதிபதி மட்டும் உட்கார்ந்து என்ன செய்வார்? அறை மூடியதாகத்தான் அர்த்தம். சரி, எந்த அறையை மூடலாம்? குற்ற வழக்குகளில் விரைந்து விசாரிக்கப்படும் உரிமை உண்டு; கெடு தாண்டினால் வழக்கே தள்ளுபடியாகலாம். பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகளின் வழக்குகளுக்கும் சட்டக் கெடு உண்டு. அவற்றில் கைவைக்க முடியாது. மிஞ்சியவை சிவில் வழக்கு, சின்னக் கடன் வழக்கு, போக்குவரத்து அபராதம், வீடு காலிசெய்யும் வழக்கு. வெட்டு போய் நின்ற இடம் அது.

நிர்வாகத்தின் தர்க்கமும் புரிந்துகொள்ளக்கூடியதே. 26 இடங்களில் ஆளுக்குக் கொஞ்சம் வழக்கு என்று இருந்தால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கவுண்டர், ஒரு குமாஸ்தா, ஒரு நீதிபதி வேண்டும். ஒரே வகை வழக்கை ஐந்து இடத்தில் குவித்தால் குறைந்த ஆளில் அதிக வழக்கு முடியும். விபத்து இழப்பீட்டு வழக்குகளை இப்படித்தான் நகர மையத்தில் குவித்தார்கள். அங்கே அது பெரிய துன்பம் தரவில்லை, ஏனென்றால் அந்த வழக்குகளில் இரண்டு பக்கமும் வக்கீல் இருப்பார், காரில் வருவார், கட்சிக்காரர் பெரும்பாலான நாளில் வரவே வேண்டாம்.

காலிசெய்யும் வழக்கு அந்த மாதிரி இல்லை. 2004இல் வந்த மாநிலச் செயல்திட்டம் ஒன்றின்படி, கலிஃபோர்னிய நீதிமன்றங்களுக்கு ஆண்டில் 43 லட்சம் பேர் வக்கீல் இல்லாமல் வந்தார்கள். காலிசெய்யும் வழக்கில் வாடகைதாரர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அந்த நிலை. அவர் தானே வர வேண்டும். பதில் மனுப் போட ஒருமுறை, கட்டணத் தள்ளுபடி தொடர்பாகத் திரும்ப அழைத்தால் இன்னொருமுறை, விசாரணைக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். வாடகை பாக்கி வைத்ததற்காக வழக்கில் மாட்டியவரிடமிருந்துதான் அந்தக் கூலியும் பறிபோகிறது.

தூரத்தை வரைபடத்தில் அளந்தால் இதன் கனம் தெரியாது. புதிய ஏற்பாட்டில் சிலர் முப்பது மைலுக்கு மேல் போக வேண்டியிருந்தது. காரில் அது ஒரு மணி நேரம். கார் இல்லாதவருக்குப் பேருந்து மாறி மாறிப் போகிற வழி. பள்ளத்தாக்கிலிருந்து சான்டா மோனிகாவுக்குப் போகிறவர் செபுல்வேதா கணவாயைக் காலை நெரிசலில் தாண்ட வேண்டும். நாட்டிலேயே மோசமான நெரிசல்களில் ஒன்று அது. எட்டரை மணி விசாரணைக்கு ஒன்பதரைக்கு வந்து சேர்ந்தால் தீர்ப்பு ஏற்கெனவே சொல்லப்பட்டிருக்கும்.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். கோர்ட் 21 இடங்களில் காலிசெய்யும் வழக்கு எடுப்பதை நிறுத்தி மிச்சம் பிடித்தது. தொற்றுக்காலத்துக்கு முந்தைய ஆண்டுகளில் இந்தக் கவுண்ட்டியில் ஆண்டுக்குச் சுமார் 40,000 காலிசெய்யும் வழக்குகள் பதிவாயின. ஒவ்வொன்றிலும் ஒரு வாடகைதாரர் இரண்டு மூன்று முறை கூடுதல் தூரம் போனார் என்று வைத்தால் அந்தப் பயணச் செலவும் இழந்த கூலியும் எந்த வரவு செலவுப் புத்தகத்தில் ஏறியது? எதிலும் ஏறவில்லை. மிச்சம் பிடித்த பணம் கணக்கில் தெரிந்தது, அதற்காக மக்கள் கொடுத்த விலை கணக்குக்கு வெளியே நின்றது. இந்த ஆய்வில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். கவுண்டருக்கு உள்ளே நின்று மட்டும் அளந்தால் கோர்ட்டின் எந்தச் சிக்கனமும் வெற்றியாகவே தெரியும்.

2013 மார்ச்சில் சட்ட உதவி அமைப்புகள் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போயின. மாற்றுத் திறனாளிகளும் ஏழைகளும் சிறுபான்மையினரும் கோர்ட்டை எட்டவே முடியாமல் போகும் என்பது அவர்கள் வாதம். கூட்டாட்சி நீதிமன்றம் அந்த வாதம் சரியா தவறா என்ற இடத்துக்கே போகவில்லை. ஒரு மாநில நீதிமன்றம் தன் பணத்தை எப்படிப் பங்கிடுகிறது என்பதை நாங்கள் மேற்பார்வையிட முடியாது என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டது. ஒன்பதாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2015இல் அதையே உறுதிசெய்தது. சட்டக் கோட்பாடாக அது சரியாகவே இருக்கலாம். ஆனால் நீதிமன்றம் எட்டவில்லை என்று முறையிட ஒரு நீதிமன்றம் இல்லாமல் போனது. பிந்தைய ஆண்டுகளில் பண நிலை தேறியபோது வேறு சில இடங்களிலும் காலிசெய்யும் வழக்குகள் திரும்ப எடுக்கப்பட்டன. இடையில் வீடிழந்தவர்களுக்கு அது உதவவில்லை.

வக்கீல் இல்லாதவர்களோடு உட்காருகிறவர்கள்

இந்தக் கோர்ட் செய்தவற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமானது ஒன்று உண்டு. அது சுயஉதவி மையங்கள். வக்கீல் வைக்க முடியாதவர் கோர்ட் கட்டடத்துக்குள்ளேயே ஒரு அறைக்குப் போய், எந்தப் படிவம், எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது, எத்தனை நகல், யாருக்குக் கொடுப்பது என்று கேட்டுக்கொள்ளலாம். அங்கே இருப்பவர்கள் சட்டத் தகவல் சொல்லலாம், சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது. ‘இந்தப் படிவத்தில் இன்னின்ன எதிர்வாதங்கள் இருக்கின்றன’ என்று சொல்லலாம். ‘நீங்கள் மூன்றாவதைத் தேர்ந்தெடுங்கள்’ என்று சொல்லக் கூடாது. கேட்கச் சின்ன வேறுபாடு. எதிரே அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் அந்தக் கோட்டைத் தாண்டாமல் பேசுவது எவ்வளவு கடினம் என்று யோசித்தாலே தெரியும்.

இதற்கு ஆள் எங்கிருந்து? 2004இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஜஸ்டிஸ்கார்ப்ஸ் என்ற திட்டம் தொடங்கியது. பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு கல்வியாண்டில் 300 மணி நேரம் சுயஉதவி மையங்களில் வேலை செய்ய வேண்டும். பயிற்சி உண்டு, வக்கீல்களின் மேற்பார்வை உண்டு, முடித்தால் படிப்புச் செலவுக்கு ஒரு தொகையும் உண்டு. வேறு மொழி பேசும் வீடுகளில் வளர்ந்த மாணவர்கள் நிறையப் பேர் இதற்கு வந்தார்கள். தன் அம்மாவுக்குச் சின்ன வயதில் அரசாங்கக் கடிதம் படித்துக் காட்டிய பிள்ளை, இங்கே இன்னொரு அம்மாவுக்கு விவாகரத்துப் படிவம் நிரப்பக் கைகொடுக்கிறது. செலவு குறைவு, பலன் அதிகம் என்ற நிர்வாக வாக்கியத்துக்கு மேலே இதில் ஏதோ இருக்கிறது.

கோர்ட்டுக்கும் இதில் லாபம். தப்பாக நிரப்பிய படிவம் திரும்பப் போகும், வழக்கு வாய்தா வாங்கும், அறையின் நேரம் வீணாகும். சரியாக நிரப்பிய படிவம் ஒரே தடவையில் முடியும். கட்டணத் தள்ளுபடிக்கான எஃப்டபிள்யூ-001 படிவம் அப்படிப்பட்டதுதான். பெரிய சிவில் வழக்கில் முதல் மனுவுக்கே 435 டாலர் கட்டணம். அந்தப் பணம் இல்லாதவருக்கு இந்தப் படிவம்தான் வாசல். அரசு உதவித்தொகை பெறுபவரா, வருமானம் வரம்புக்குள் உள்ளதா, அன்றாடத் தேவைக்குப் போக மிஞ்சவில்லையா என்று மூன்று வழி அதில் உண்டு. அப்படி ஒரு படிவம் இருப்பதே தெரியாமல் திரும்பிப் போனவர் எத்தனை பேர் என்பதை யாராலும் எண்ண முடியாது.

புரியாத மொழியில் ஒரு தீர்ப்பு

கவுண்ட்டியில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசுகிறார்கள். குற்ற வழக்கில் மொழிபெயர்ப்பாளர் உரிமை கலிஃபோர்னிய அரசியலமைப்பிலேயே இருக்கிறது. சிவில் வழக்கில் நீண்ட காலம் அப்படி இல்லை. குழந்தை யாரிடம் வளரும், அடித்த கணவன் வீட்டுக்குள் வரலாமா என்பதெல்லாம் சிவில் கணக்கில் வருபவை. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் சொந்தச் செலவில் கூட்டி வர வேண்டும். பணம் இல்லாதவர் தம்பியைக் கூட்டி வருவார், பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டி வருவார்.

2010இல் கொரிய மொழி மட்டுமே தெரிந்த இருவர் சார்பில், லாஸ் ஏஞ்சல்ஸின் சட்ட உதவி அமைப்பு ஒன்று கூட்டாட்சி அரசின் நீதி அமைச்சகத்திடம் புகார் கொடுத்தது. 1964இன் குடிமை உரிமைகள் சட்டப்படி, கூட்டாட்சிப் பணம் வாங்கும் எந்த அமைப்பும் ஒருவரின் பூர்விகத்தை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது. மொழியை மறுப்பது அதில் அடங்கும் என்பது வாதம். விசாரணை ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2015 ஜனவரியில், மாநிலக் கோர்ட்டுகளுக்குக் கொள்கை வகுக்கும் நீதித்துறை மன்றம் மொழி அணுகலுக்கான ஒரு பெரிய திட்டத்தை ஏற்றது. அதே மாதத்திலிருந்து சிவில் வழக்குகளுக்கும் இலவச மொழிபெயர்ப்பாளரைக் கோர்ட்டே தரச் சட்டம் வழிவிட்டது. எல்லாருக்கும் உடனே தரப் பணம் போதாது என்பதால் சட்டமே ஒரு வரிசை சொன்னது: முதலில் குடும்ப வன்முறை, அடுத்து வீடு காலிசெய்யும் வழக்கு, அப்புறம் பெற்றோர் உரிமையைப் பறிக்கும் வழக்கு என்று. 2016இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கோர்ட் கூட்டாட்சி நீதி அமைச்சகத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது.

இந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பணம் குறைவு என்ற அதே உண்மையை 2013இல் கோர்ட் நிர்வாகமும் எதிர்கொண்டது, 2015இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தை எழுதியவர்களும் எதிர்கொண்டார்கள். முதல் தடவை, எந்த வழக்கைச் சட்டப்படி வெட்டலாம் என்று பார்த்தார்கள். இரண்டாம் தடவை, யாருக்கு இழப்பு பெரிது என்று பார்த்தார்கள். வீடு காலிசெய்யும் வழக்கு முதல் கணக்கில் கடைசிக்குப் போனது, இரண்டாவதில் இரண்டாம் இடத்துக்கு வந்தது.

இங்கே தமிழருக்கு ஒரு பக்கக் குறிப்பு. கலிஃபோர்னியாவில் ஸ்பானியம், கொரியம், வியட்நாமியம், பஞ்சாபி போன்ற சில மொழிகளுக்கு மட்டுமே முழுச் சான்றிதழ் தேர்வு உண்டு. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் ‘பதிவுபெற்றவர்’ என்ற வேறொரு வகைக்குள்தான் வர முடியும். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே மொழிபெயர்க்கும் திறனை முழுதாகச் சோதிக்கும் தேர்வு அவருக்கு இல்லை. சட்டச் சொல்லை இரு மொழியிலும் கற்றவர் கிடைத்தால் அது அந்தக் கட்சிக்காரரின் அதிர்ஷ்டம்.

மொழியில் ஒரு சின்ன வெற்றியையும் சொல்ல வேண்டும். 2016 வாக்கில் போக்குவரத்து அபராதப் பகுதிக்கு ‘ஜினா’ என்ற இணைய உதவியாளரைக் கோர்ட் கொண்டுவந்தது. திரையில் ஒரு பெண் உருவம், ஆங்கிலம் தவிர ஸ்பானியம், கொரியம், சீனம், வியட்நாமியம், ஆர்மீனியம் என்று பல மொழியில் அபராதம் கட்டவும் தேதி வாங்கவும் வழிகாட்டும். அபராதச் சீட்டு ஒன்றுக்காக அரை நாள் வரிசையில் நின்ற காலம் போனது. எளிய, திரும்பத் திரும்ப வரும் வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, கவுண்டரில் இருக்கும் ஆளைச் சிக்கலான வழக்கோடு வருபவருக்கு விடுவது நல்ல யோசனை.

கம்ப்யூட்டர் கதை, சுருக்கமாக

கலிஃபோர்னியாவின் 58 கவுண்ட்டிகளுக்கும் ஒரே வழக்கு மேலாண்மை மென்பொருள் என்ற கனவு ஒன்று இருந்தது. 50 கோடி டாலருக்கு மேல் செலவானது. 2011இல் மாநிலத் தணிக்கையாளர், முழுவதும் முடிக்க 190 கோடி வரை ஆகலாம் என்று எச்சரித்தார். 2012 மார்ச்சில் திட்டம் கைவிடப்பட்டது. அறைகள் மூடிக்கொண்டிருந்த அதே மாதங்கள். ஊழியர்களின் கோபம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அப்புறம் லாஸ் ஏஞ்சல்ஸ் தன் வழியில், வழக்கு வகை வகையாகப் போனது. 2018 முடிவிலும் 2019 ஜனவரியிலுமாகச் சிவில் வழக்குகளில் வக்கீல்கள் இணையம் வழியாகத்தான் தாக்கல் செய்ய வேண்டும் என்றானது. வக்கீல் இல்லாதவருக்குக் காகிதம் தொடரலாம் என்று விலக்குக் கொடுத்தார்கள். அந்த விலக்கு மிக முக்கியம். 2020 ஜூனில், கோவிட் நடுவே, எல்ஏ கோர்ட் கனெக்ட் என்ற ஏற்பாடு வந்தது. வீட்டிலிருந்தோ வேலை இடத்திலிருந்தோ விசாரணையில் சேரலாம். 2013இல் கூட்டிய தூரம் ஏழு ஆண்டு கழித்து ஒரு தொற்றுநோயால் குறைந்தது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. போன் திரையில் பேசிக்கொண்டே ஒரு ரசீதை நீதிபதிக்குக் காட்டுவது எல்லாருக்கும் எளிதில்லை என்பதும் உண்மை. அதனால் இது மாற்று வழியாக இருக்கும்வரை நல்லது.

எல்லாம் ஒரே வலையில் இருந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. 2024 ஜூலை 19 அன்று பணயப் பணம் கேட்கும் மென்பொருள் கோர்ட்டின் கணினிகளைத் தாக்கியது. 22ஆம் தேதி, திங்கட்கிழமை, 36 கட்டடங்களும் மூடிக் கிடந்தன. மறுநாள் திறந்தார்கள். ஒரே நாளில் திறந்தது ஊழியர்களின் உழைப்பு.

பதிவே இல்லாத விசாரணைகள்

2013இன் இன்னொரு வெட்டு மெதுவாக வேலை செய்தது. சிவில் அறைகளில் கோர்ட் தன் செலவில் சுருக்கெழுத்தரை வைப்பதை அந்தக் காலத்தில் நிறுத்தியது. வேண்டுபவர் தனியாரை அமர்த்திக்கொள்ளலாம். பெரிய நிறுவனத்துக்கு அது சின்னச் செலவு. குடும்ப வழக்கில் நிற்கும் ஒரு தாய்க்கு அது எட்டாத பணம்.

சுருக்கெழுத்தர் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? யார் என்ன சாட்சி சொன்னார், நீதிபதி எந்தக் காரணம் சொன்னார் என்பதற்கு ஆதாரம் இருக்காது. மேல்முறையீட்டு நீதிமன்றம் பதிவைப் பார்த்துத்தான் முடிவுசெய்யும். பதிவு இல்லையென்றால் கீழ்நீதிமன்றம் சரியாகத்தான் செய்தது என்றே எடுத்துக்கொள்ளும். அப்படியானால் மேல்முறையீட்டு உரிமை தாளில் மட்டும் இருக்கிறது. 2018இல் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம், சான் டியேகோவிலிருந்து வந்த ஒரு வழக்கில், கட்டணத் தள்ளுபடி பெற்றவர் கேட்டால் சுருக்கெழுத்தரை இலவசமாகத் தர வேண்டும் என்றது.

தீர்ப்பு வந்தது, ஆள் வரவில்லை. நிமிடத்துக்கு 200 சொல், நூற்றுக்குத் தொண்ணூற்றேழரை சரி என்ற கடுமையான உரிமத் தேர்வைத் தாண்டியவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். ஓய்வு பெறுபவர் அதிகம், புதிதாக வருபவர் குறைவு. ஒலிப்பதிவு செய்துகொள்ளலாமே என்று நமக்குத் தோன்றும். சட்டம் விடவில்லை. சின்ன சிவில் வழக்கு, சிறு குற்றம், அபராதம் ஆகியவற்றில் மட்டுமே மின்னணுப் பதிவு செய்யலாம். குடும்ப வழக்கிலும் உயில், காப்பாளர் வழக்கிலும் பெரிய சிவில் வழக்கிலும் கூடாது. சுருக்கெழுத்தர்களின் தொழிற்சங்கங்கள் தங்கள் வேலையைக் காக்க அந்தத் தடையை ஆதரித்தன. அந்த அச்சத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் போக்குவரத்து அபராதத்துக்கு ஒலிப்பதிவு உண்டு, குழந்தையை யாரிடம் விடுவது என்பதற்குப் பதிவே கிடையாது என்ற நிலையை எப்படி நியாயப்படுத்துவது?

கோர்ட் புதிய சுருக்கெழுத்தர்களுக்குப் பெரிய சேர்க்கைத் தொகை கொடுத்துப் பார்த்தது. 2023 ஜனவரியிலிருந்து ஒன்றரை ஆண்டில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட விசாரணைகள் சொல்லுக்குச் சொல் பதிவு இல்லாமல் முடிந்தன என்று கோர்ட்டே வெளிப்படையாகச் சொன்னது. 2024 செப்டம்பரில் அப்போதைய தலைமை நீதிபதி சமந்தா ஜெஸ்னர் ஒரு பொது உத்தரவு போட்டார்: அடிப்படை உரிமை பாதிக்கப்படும் வழக்கில், சுருக்கெழுத்தர் கிடைக்காமல், கட்சிக்காரரால் அமர்த்தவும் முடியாமல் போனால் நீதிபதி மின்னணுப் பதிவுக்கு உத்தரவிடலாம். சட்டம் தடுப்பதை அரசியலமைப்பின் பெயரால் ஒரு கோர்ட் நிர்வாகமே தாண்டியது. இப்படித் துணிவது சின்னக் காரியம் இல்லை. அதே ஆண்டு டிசம்பரில், குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்காக வாதாடும் ஒரு அமைப்பு இந்தக் கேள்வியை நேராக மாநில உச்ச நீதிமன்றத்துக்கே கொண்டுபோனது. எதிர்த்தரப்பில் லாஸ் ஏஞ்சல்ஸ் உட்பட நான்கு கவுண்ட்டிக் கோர்ட்டுகள்.

இப்போது அதே வாடகைதாரர்

2019 செப்டம்பரிலிருந்து அந்த ஐந்து நாள் கணக்கில் சனி, ஞாயிறு, கோர்ட் விடுமுறை சேராது. 2025 ஜனவரி 1இலிருந்து ஐந்து பத்தானது; பத்தும் கோர்ட் திறந்திருக்கும் நாட்கள். ஒரு செவ்வாய்க்கிழமை சம்மன் நேரில் கொடுக்கப்படுகிறது என்று வையுங்கள். விடுமுறை ஏதும் குறுக்கே வராவிட்டால் சரியாக இரண்டு வாரம் கழித்து வரும் செவ்வாய்வரை நேரம் இருக்கிறது. புதன்கிழமை வேலைக்குப் போய், மேற்பார்வையாளரிடம் சொல்லி ஒரு நாள் விடுப்புக் கேட்கலாம். வெள்ளிக்கிழமை சுயஉதவி மையத்தில் உட்கார்ந்து பதில் மனுவும் எஃப்டபிள்யூ-001உம் நிரப்பலாம். வாடகைதாரர் அமைப்புகள் நடத்தும் இணையக் கருவி ஒன்று 2022இலிருந்து இருக்கிறது, கேள்விக்குப் பதில் சொன்னால் பதில் மனுவைத் தயாரித்துத் தரும். இரவில், பிள்ளைகள் தூங்கிய பிறகு, போனிலேயே அதைச் செய்யலாம். ஏதாவது தப்பாகிப்போய் மனு திரும்பி வந்தாலும் திருத்திக் கொடுக்க இன்னும் இரண்டு மூன்று நாள் கையில் இருக்கும்.